ஐந்து தோட்டாக்களின் பாடம்

போர்களின் வரலாற்றைப் பயிலும் மாணவர்கள் தளபதியின் வீரத்தையும் படையின் எண்ணிக்கையையுமே பெரிதும் நோக்குகின்றனர். துப்பாக்கியில் தோட்டா எவ்வாறு நிரப்பப்பட்டது என்றும் அவர்கள் கேட்கவேண்டும் என்பேன் நான்.

1898-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள். கியூபாத் தீவில் எல் கானே என்னும் சிற்றூரை ஏறத்தாழ 500 ஸ்பானிய வீரர்கள் காத்து நின்றனர். தாக்க வந்த அமெரிக்கரோ 6,000 பேருக்கு மேல். இரண்டு மணி நேரத்தில் முடியுமென்று அமெரிக்கர் எண்ணிய போர் பிற்பகல்வரை நீடித்தது. அவர்களுள் சுமார் 80 பேர் மாண்டனர். ஸ்பானியத் தளபதி வாரா தெ ரேயும் உயிர் துறந்தார்.

அகழிகளும் கோட்டையும் ஸ்பானியர்க்குத் துணைநின்றன என்பது உண்மையே. அவர்கள் ஏந்திய மௌசர் துப்பாக்கியும் துணைநின்றது. மெல்லிய உலோகப் பட்டை ஒன்றில் ஐந்து தோட்டாக்கள் வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். துப்பாக்கியின் தாழைப் பின்னுக்கு இழுத்து, பட்டையை மேலே பொருத்திக் கட்டைவிரலால் அழுத்தினால், ஐந்தும் ஒருங்கே அறைக்குள் இறங்கிவிடும். அமெரிக்க நிரந்தரப் படையின் கிராக் துப்பாக்கியிலோ, பக்கக் கதவைத் திறந்து உதிரித் தோட்டாக்களை எண்ணி இடவேண்டும். குண்டுமழையில் நடுங்கும் விரல்களுக்கு அது எளிய வேலையன்று.

அன்று வென்றவர் அமெரிக்கரே. ஆயினும், தோற்றவரின் கருவியை அவர்கள் இகழவில்லை. 1903-இல் ஏற்ற புதிய துப்பாக்கியில் பட்டைமுறையையே அமைத்தனர். அதன்பொருட்டு மௌசர் நிறுவனத்துக்கு 2,00,000 டாலர் உரிமைத்தொகையும் செலுத்தினர். முதலில் உயிராலும், பின்னர் பொருளாலும் விலைகொடுத்துக் கற்ற பாடம் அது.