மூன்று ஆண்டுப் பதவிக்காலம்: இங்கிலாந்தின் பள்ளி வாரியங்களும் சபைகளும், 1870–1904

1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் அரச ஒப்புதல் பெற்ற இங்கிலாந்தின் தொடக்கக் கல்விச் சட்டத்தைப் பற்றித் திருச்சபை வரலாற்றாசிரியர் எழுதும்போது, அதன் பதினான்காம் பிரிவையே பெரும்பாலும் எடுத்துக்காட்டுவர். பொதுவரியால் நடத்தப்படும் பள்ளியில் எந்த ஒரு சபைக்கும் தனியுரிமையான ஞானோபதேச வினாவிடையோ விசுவாச அறிக்கையோ கற்பிக்கப்படலாகாது என்று விதித்த கூப்பர்-டெம்பிள் பிரிவு அது. அதே சட்டத்தில், அத்துணைப் புகழ் பெறாத மற்றொரு விதியும் உண்டு. பள்ளி வாரியத்தின் உறுப்பினர் மூன்று ஆண்டுகள் பதவி வகிப்பர். அக்காலம் முடிந்ததும் அனைவரும் ஒருங்கே விலகுவர். வாரியம் முழுவதும் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படும். இக்காலத்தைக் கூட்டவோ குறைக்கவோ ஊராருக்கு உரிமை தரப்படவில்லை. அவ்வுரிமையைப் பாராளுமன்றம் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஆயினும் சபைகள் பொதுமக்களுக்குக் கணக்கு ஒப்புவிக்கும் நிலைக்கு வந்தமைக்குப் பதினான்காம் பிரிவைவிட இவ்விதியே மிகுந்த காரணம் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

அதற்கு முன்னிருந்த நிலையை நினைவுகூர்தல் வேண்டும். ஏழைச் சிறுவர்க்கான பள்ளிகளைச் சபைச் சங்கங்களே நடத்தின. அவற்றுள் பெரியது, ஆங்கிலிக்கன் திருச்சபையினர் 1811இல் நிறுவிய தேசியச் சங்கம். (அது கையாண்ட போதனாமுறை ‘சென்னை முறை’ எனப்பட்டது; எழும்பூர் அனாதைச் சிறுவர் விடுதியில் ஆண்ட்ரூ பெல் என்னும் குருவானவர் கண்டறிந்த, மாணவரைக்கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறை அது.) 1833 முதல் அரசு இப்பள்ளிகளுக்கு மானியம் அளித்தது. எனினும் பள்ளியின் மேலாளர் எப்போது பதவி விலகவேண்டும் என்று கேட்பவர் எவருமிலர். பல கிராமங்களில் பங்குக்குருவே மேலாளர். அவர் அப்பங்கில் இருக்கும்வரை பள்ளியும் அவர் கையிலேயே இருந்தது. பாப்திஸ்து, மெதடிஸ்து, காங்கிரிகேஷனல் முதலிய சுயாதீனச் சபையாரின் பிள்ளைகள் வேறு பள்ளியில்லாத ஊர்களில் அங்கேயே சென்று பயின்றனர்.

அமைச்சர் பார்ஸ்டர் 1870 பிப்ரவரியில் கொணர்ந்த மசோதாவில் வாரியங்களை நகரமன்றங்களும் பங்கு மன்றங்களும் தேர்ந்தெடுப்பதாகவும், சமயபோதனை எவ்வகையில் அமைய வேண்டுமென்பதை அந்தந்த வாரியமே தீர்மானிப்பதாகவும் இருந்தது. கேட்பதற்கு இது ஊராட்சியின் உச்சமாகத் தோன்றும். ஆயினும் சுயாதீனச் சபையாரே இதை வன்மையாக எதிர்த்தனர். ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு தேர்தலிலும் ஞானஸ்நானமும் திருவிருந்தும் வாக்குக்குரிய பொருளாகிவிடும் என்று அவர்கள் அஞ்சினர். விவாதத்தின் முடிவில் பதினான்காம் பிரிவு புகுத்தப்பட்டது. தேர்தலும் மக்களின் நேரடித் தேர்தலாயிற்று. வரி செலுத்திய பெண்களும் வாக்களிக்கலாம் என்றும், பெண்கள் உறுப்பினராகவும் நிற்கலாம் என்றும் சட்டம் இடங்கொடுத்தது. இவற்றோடு ஒரு புதிய வாக்குமுறையும் சேர்ந்தது. எத்தனை இடங்களோ அத்தனை வாக்குகள் ஒருவருக்கு உண்டு. அவற்றைப் பலருக்குப் பகிரலாம், அல்லது அனைத்தையும் ஒருவருக்கே குவிக்கலாம். சிறுபான்மைச் சபையார்க்கு இடம் கிடைக்க இது வழிசெய்தது.

இலண்டனின் முதல் தேர்தல் 1870 நவம்பர் 29இல் நடைபெற்றது. மேரிலிபோன் பகுதியில் மருத்துவர் எலிசபெத் காரெட் 47,858 வாக்குகள் பெற்று முதலிடம் பெற்றார். அறிவியலறிஞர் ஹக்ஸ்லி அவருக்குப் பின்னரே வந்தார். இந்தியாவில் இராஜப்பிரதிநிதியாக இருந்து 1869இல் தாயகம் திரும்பிய லாரன்ஸ் பிரபு வாரியத்தின் முதல் தலைவரானார். இந்த வாரியம் 1871இல் வேதாகமம் வாசிக்கப்படவும், பிள்ளைகளின் தகுதிக்கேற்ப விளக்கப்படவும் தீர்மானித்தது. கடவுளைப்பற்றித் தமக்குத் தெரியாது என்று வெளிப்படையாகக் கூறிய ஹக்ஸ்லியும் அதை ஆதரித்தார் என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

பதவிக்காலத்தின் பயனை நாம் தெளிவாகக் காண்பது பர்மிங்காமில்தான். அங்கே 15 இடங்கள். நகரில் பெரும்பான்மையரான லிபரல் கட்சியினர் 15 இடங்களுக்கும் ஆள் நிறுத்தித் தங்கள் வாக்குகளைச் சிதறடித்தனர். அதனால் ஆங்கிலிக்கன் தரப்பினர் 8 இடங்களையும், கத்தோலிக்கக் குரு ஒருவர் ஓர் இடத்தையும் பெற, லிபரல்கள் 6 பேரோடு அமர்ந்தனர். அவர்களுள் ஜோசப் சேம்பர்லேனும், கார்ஸ் லேன் காங்கிரிகேஷனல் சபையின் போதகர் ஆர். டபிள்யூ. டேலும் இருந்தனர். பெரும்பான்மையினர், சட்டத்தின் இருபத்தைந்தாம் பிரிவைக் கொண்டு, ஏழைப் பிள்ளைகளுக்காகச் சபைப் பள்ளிகளுக்கு வரிப்பணத்திலிருந்து கட்டணம் செலுத்த முனைந்தபோது, நகரமன்றம் பணம் தர மறுத்தது. சண்டை மூண்டது. ஆயினும் அது முடிவற்ற சண்டையன்று. அதற்கு ஒரு நாள் குறிக்கப்பட்டிருந்தது. 1873இல் லிபரல்கள் 8 பேரை மட்டுமே நிறுத்தி எண்மரையும் வெற்றிபெறச் செய்தனர், சேம்பர்லேன் தலைவரானார்.

வென்றவர்கள் செய்ததும் சிந்தனைக்குரியது. அரசு சமயத்தைக் கற்பிக்கலாகாது, அது சபையின் ஊழியம் என்பது டேலின் உறுதியான கொள்கை. அதன்படி வாரிய ஆசிரியர் சமயம் போதிப்பது நிறுத்தப்பட்டு, தனி வேளையில் சபையாரின் தன்னார்வ ஊழியர் வந்து போதிக்க ஏற்பாடாயிற்று. கொள்கை உயர்ந்தது, நாள்தோறும் வந்து போதிக்கும் ஊழியர்தாம் போதிய அளவில் கிடைக்கவில்லை. ஞாயிறு பள்ளிக்கு ஆசிரியர் தேடி அலைந்த எந்தப் போதகரும் இதைப் படித்து வியப்படையார். 1879இல் விளக்கமின்றி வேதபாகம் வாசிக்கும் முறையை அந்நகரம் ஏற்றுக்கொண்டது. பிழையென்று கண்டதை மாற்றிக்கொள்ள மூன்றாண்டு முறை தோற்றவருக்கு மட்டுமன்றி வென்றவருக்கும் வாய்ப்பளித்தது.

இம்முறைக்குக் குறைகளும் இருந்தன. தேர்தல் செலவு மிகுந்தது. ஆகவே பல ஊர்களில் சபைகள் முன்கூட்டியே பேசி இடங்களைப் பங்கிட்டுக்கொள்ள, வாக்குப்பதிவே நடைபெறவில்லை. கட்டடப் பணியும் ஆசிரியர் நியமனமும் மூன்றாண்டில் முடிவன அல்ல. சிலர் ஒரே தவணையோடு விலகினர். 1888இல் டவர் ஹாம்லெட்ஸ் பகுதியிலிருந்து இலண்டன் வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அன்னி பெசன்ட் அவர்களுள் ஒருவர். பின்னாளில் அடையாற்றில் வாழ்ந்த அதே அம்மையார்தாம். ஸ்காட்லாந்தில், 1872இன் சட்டப்படி இதே மூன்றாண்டு முறையில் அமைந்த எடின்பரோ வாரியத்தில், பிளோரா ஸ்டீவன்சன் என்னும் பெண்மணி 1873 முதல் 1905இல் இறக்கும்வரை தேர்தல்தோறும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். குறுகிய தவணை நீண்ட ஊழியத்துக்குத் தடையன்று என்பதற்கு அவர் சான்று.

முறை கடுஞ்சோதனைக்குள்ளானது இலண்டனில், 1894இல். குருவானவர் டிகிளின் தலைமையிலிருந்த பெரும்பான்மையினர், அதெல்ஸ்டன் ரைலி என்னும் உறுப்பினரின் தூண்டுதலால், ஆசிரியர் அனைவர்க்கும் ஒரு சுற்றறிக்கை விடுத்தனர். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்னும் திரியேகத்துவத்தையும், கிறிஸ்துவின் தெய்வத்துவத்தையும் பிள்ளைகளின் மனத்தில் பதிக்குமாறு அது பணித்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் வேதபோதனைப் பொறுப்பிலிருந்து தம்மை விடுவிக்குமாறு கேட்டனர். இவர்களுள் மிகப்பலர் திரியேகத்துவத்தை மறுத்தவரல்லர். பொதுவரியால் ஊதியம் பெறும் ஆசிரியரின் விசுவாசத்தை ஒரு வாரியம் சோதிப்பதையே அவர்கள் மறுத்தனர். இந்த வேறுபாட்டை அக்காலத்து ஆயர்கள் சிலர் காணத் தவறினர் என்றே கூற வேண்டும். அவ்வாண்டு நவம்பரில் தேர்தல் வந்தது. மொத்த வாக்குகளில் எதிர்த்தரப்பினர் முந்தினும், 29க்கு 26 என்னும் குறுகிய பெரும்பான்மையோடு பழைய கட்சி தப்பிப் பிழைத்தது. டிகிள் தலைமையை இழந்தார். 1897இல் அக்கட்சியே தோற்றது.

அதன்பின் முடிவு விரைந்து வந்தது. 1902 டிசம்பர் 18இல் ஒப்புதல் பெற்ற பால்பரின் சட்டம், ஏறத்தாழ 2,500 வாரியங்களை ஒழித்து, கல்வியைக் கவுண்டி மன்றங்களிடமும் பெருநகர மன்றங்களிடமும் ஒப்படைத்தது. கவுண்டி மன்றத்துக்கும் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளே. ஆனால் சாலைக்கும் சாக்கடைக்கும் தேர்ந்தெடுக்கப்படும் மன்றத்தில் பள்ளி பல பொருள்களுள் ஒன்றாயிற்று. வாக்குகளைக் குவிக்கும் உரிமை மறைந்தது. பெண்கள் 1907 வரை தேர்தலில் நிற்க இயலாமல், குழுக்களில் நியமனம் பெற்றே அமர முடிந்தது. சபைப் பள்ளிகளோ வரிப்பணம் பெற்றன. அவற்றின் 6 மேலாளருள் நால்வர் அறக்கட்டளையின் சார்பினர். அந்நால்வரை விலக்க வரிசெலுத்துவோரின் வாக்கு எந்த ஆண்டிலும் பயன்படாது. பாப்திஸ்து போதகர் ஜான் கிளிபர்டின் தலைமையில் ஆயிரக்கணக்கான சுயாதீனச் சபையார் வரியின் ஒரு பகுதியைச் செலுத்த மறுத்தனர். அவர்களின் வீட்டுப் பொருள்கள் ஏலமிடப்பட்டன. 1906க்குள் 170க்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். 1870இல் வாரியங்களை ஐயத்தோடு நோக்கிய அதே சபையார், முப்பதாண்டுக்குப்பின் அவற்றுக்காகச் சிறைபுகுந்தனர்.

இலண்டன் வாரியம் மட்டும் சிறிது காலம் நீடித்தது. 1900 நவம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட அவ்வாரியத்துக்கு 1903 நவம்பரில் தேர்தல் நடந்திருக்க வேண்டும். அது நடைபெறவில்லை. பாராளுமன்றம் அவ்வாண்டு இலண்டனுக்கெனத் தனிச்சட்டம் இயற்றி, வாரியத்தை ஒழிக்க முடிவு செய்திருந்தது. ஆகவே மூன்றாண்டுக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், பம்பாயின் முன்னாள் ஆளுநர் ரே பிரபுவின் தலைமையில், வாக்காளரின் புதிய ஆணையின்றியே 1904 ஏப்ரல் 30 வரை அமர்ந்திருந்து, பின்னர்த் தங்கள் ஏடுகளைக் கவுண்டி மன்றத்திடம் ஒப்படைத்தனர்.