கேள்விப் பத்திரத்தின் கதை



"வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார்" என்பது நம்மவரின் பழமொழி. இரண்டும் பெருஞ்செலவு பிடிப்பவை என்ற பொருளிலேயே இதனைப் பலரும் எடுத்தாளுகின்றனர். ஆனால் இவ்விரு காரியங்களிலும் நாம் நடந்துகொள்ளும் முறையில் ஒரு வேற்றுமை உண்டு. கலியாணம் என்று வந்துவிட்டால், மாப்பிள்ளையின் குணமென்ன, தொழிலென்ன, குடும்பம் எப்படிப்பட்டது என்று பத்துப் பேரிடம் விசாரிக்கின்றோம். வீடு கட்டுவதற்கு மேசனையோ கொந்தராத்துக்காரரையோ தேடும்போது, "சதுர அடி என்ன விலை?" என்ற ஒரேயொரு கேள்வியுடன் நின்றுவிடுகின்றோம். இந்தக் கேள்வி ஏன் போதாது என்பதையும், போதுமான கேள்வியை உலகம் எவ்வாறு படிப்படியாகக் கற்றுக்கொண்டது என்பதையும் ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

கட்டட வேலைக்குப் பலரிடமும் விலை கோரி ஒருவரைத் தெரிவு செய்யும் முறைக்கு, இலங்கைத் தமிழில் 'கேள்வி கோருதல்' என்று பெயர். இக்காலத்தில் 'விலைமனு' என்ற சொல்லும் வழங்குகின்றது. எனினும் 'கேள்வி' என்ற பழைய சொல்லே பொருட்செறிவு மிக்கது எனலாம். பரீட்சை வினாத்தாள் தெளிவாக இல்லையென்றால் மாணவர் விடைகளை ஒப்பிட்டுப் புள்ளியிட முடியாது என்பது ஆசிரியர்கள் அனைவரும் அறிந்த உண்மை. கட்டடக் கேள்விக்கும் இது முற்றிலும் பொருந்தும்.

முற்காலத்தில் மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், சாதாரண குடிமக்களின் வீடுகள் களிமண் சுவரும் கிடுகுக் கூரையுமாக அமைந்தவை. உற்றாரும் அயலாரும் கூடியே அவற்றை எழுப்பினர். அங்கே கேள்விக்கு இடமிருக்கவில்லை. ஆலயத் திருப்பணி என்றால் ஆலயத்தை நிருவகிக்கும் வண்ணக்கர்மாரும் ஊர்ப் பெரியோரும் கூடிப் பேசி, சிற்பாசாரியாரை அழைத்து, வெற்றிலை பாக்குடன் அச்சாரம் கொடுத்து வேலையை ஒப்புவிப்பது தமிழர் மரபு. எழுத்தில் உடன்படிக்கை இல்லாவிடினும் அங்கே வலிய பிணை ஒன்று இருந்தது. அது வேலை செய்பவரின் பெயர். ஓரூரில் கெட்ட பெயர் எடுத்தவருக்கு மறு ஊரில் வேலை கிடைப்பதில்லை.

ஆயினும் பெயரை மாத்திரம் நம்பித் தமிழர் பொதுக் காரியங்களை நடத்தினர் என்று கருதுவது தவறு. தொண்டைநாட்டு உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரியும் முறையைக் கூறுகின்றன. ஏரியைப் பராமரிப்பதற்கென்றே ஒரு வாரியம் அங்கே இருந்தது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தெரிவுக்கு உரியரல்லர் என்பது விதி. தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சபையோர் அனைவரும் காண எடுத்தனர். இது கட்டடக் கேள்வியன்று என்பது உண்மையே. ஆனால் முதலில் தகுதியைப் பார்த்தல், பின்னர் பலரறியத் தெரிவு செய்தல் என்னும் இரண்டு கொள்கைகளும் இங்கே உள்ளன. இன்று முத்திரையிட்ட உறைகளைக் குறித்த நாளில், குறித்த நேரத்தில், விலை கூறியோர் முன்னிலையில் திறக்கும்போது நாம் காப்பாற்ற முயல்வதும் இக்கொள்கைகளையே.

இனி மேனாட்டுக்குச் செல்வோம். மட்டக்களப்பிலே புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை எழுப்பினர். 1638இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. அந்தப் பதினேழாம் நூற்றாண்டிலேயே பிரான்சு தேசத்தில் பதினான்காம் லூயி மன்னனுக்காகக் கோட்டைகள் பலவற்றை அமைத்தவர் வோபான் என்னும் பொறியியலாளர். அங்கே அரச வேலைகள் ஏலத்தில் விலையைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் நிற்பவருக்கே கொடுக்கப்பட்டன. இதன் விளைவைக் கண்ணாரக் கண்ட வோபான், 1683இல் அமைச்சர் லூவுவாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஓயாத விலைக்குறைப்பினால் வேலைகள் முடியாமல் கிடக்கின்றன. தகுதியுள்ளோர் ஒதுங்கிவிட, முதலும் அறிவும் இல்லாதோரே முன்வருகின்றனர். நியாயமான விலை கொடுத்து நம்பிக்கையுடையவரிடம் வேலையை ஒப்புவிப்பதே முடிவில் சிக்கனமானது என்பது அதன் சாரம். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்தும் அக்கடிதம் பழமையடையவில்லை.

அடுத்த பெரும் மாற்றம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நிகழ்ந்தது. 1834இல் இலண்டனில் கட்டடக் கலைஞர் கழகம் தாபிக்கப்பட்டது. கட்டட வணிகத்தில் இலாபப் பங்குடையோர் அதில் உறுப்பினராதல் கூடாதென விதிக்கப்பட்டது. இதன் கருத்தைச் சிறிது ஊன்றி நோக்க வேண்டும். கட்டுபவர் ஒருவர், கட்டுவிப்பவர் ஒருவர். இவ்விருவரிடையே, கட்டுவதனால் இலாபம் பெறாத மூன்றாம் ஒருவர் கட்டுவிப்பவரின் சார்பில் நிற்கிறார். வரைபடம் தயாரிப்பதும், கேள்வி கோருவதும், செய்த வேலையை அளந்து சான்று கொடுப்பதும் அவர் கடமை. இலங்கையில் பிரித்தானியர் நிறுவிய பொதுவேலைப் பகுதியும் இம்முறையையே பின்பற்றியது. கல்லடியில் வாவியைக் கடக்கும் பழைய இரும்புப் பாலம், 1918 முதல் 1925 வரை ஆளுநராயிருந்த சேர் வில்லியம் மனிங்கின் பாரியார் பெயரால் லேடி மனிங் பாலம் எனப்படுவது. அதன் அருகே யப்பானிய உதவியுடன் அமைந்த புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்டது. இத்தகைய பெருவேலைகளில் அரசின் பக்கம் நின்று அளப்பதற்கும் கேட்பதற்கும் அறிஞர்கள் இருந்தனர். வீடு கட்டும் எளியவன் பக்கம் யார் நின்றார் என்பதே நம் முன்னுள்ள வினா.

அவனுடைய நிலையை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். எழுநூறு சதுர அடி வீடொன்றுக்கு மூவர் விலை கூறுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 42 இலட்சம் ரூபா, மற்றவர் 48 இலட்சம், மூன்றாமவர் 35 இலட்சம். மூன்றாமவரே மலிவென்று தோன்றும். விசாரித்துப் பார்த்தால், அவர் மணலையும் மரத்தையும் வீட்டுக்காரர் தலையில் வைத்திருக்கிறார். முதலாமவர் மின்னிணைப்பைச் சேர்க்கவில்லை. இரண்டாமவரோ மலசலகூடமும் கிணறும் உட்பட எல்லாவற்றையும் அடக்கியிருக்கிறார். மூவரும் மூன்று வேறு வீடுகளுக்கு விலை கூறியுள்ளனர். வீட்டுக்காரர் அவற்றை ஒரே வீடென்று எண்ணி ஒப்பிடுகிறார்.

கட்டடக் கலைஞரின் உதவி இங்கேதான் தொடங்குகின்றது. விலை கேட்பதற்கு முன்பே அவர் வரைபடத்தை முடிக்கிறார். பொருள்களின் தரத்தை எழுதுகிறார். அத்திவாரம் இத்தனை கன அடி, சுவர் இத்தனை சதுர அடி, கம்பி இத்தனை கிலோ என்று அளவைப் பட்டியல் ஆயத்தமாகின்றது. பட்டியலில் அளவு எல்லார்க்கும் ஒன்றே. விலைக்குரிய கட்டம் மாத்திரம் வெறுமையாக விடப்படுகின்றது. யாரேனும் ஐயம் வினவினால், அதற்குரிய விடை ஏனையோர்க்கும் அனுப்பப்படுகின்றது. உறைகள் திறந்த பின் அவர் கூட்டுத்தொகையை மாத்திரம் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வரியையும் தமது மதிப்பீட்டுடன் ஒத்துப் பார்க்கிறார்.

வரி வரியாகப் பார்ப்பது எதற்கு? அத்திவாரத்தின் நியாயமான விலை 6 இலட்சம், கூரையின் விலை 8 இலட்சம் என்று கொள்வோம். ஒருவர் அத்திவாரத்துக்கு 9 இலட்சமும் கூரைக்கு 5 இலட்சமும் குறித்தால் கூட்டுத்தொகை மாறுவதில்லை. ஆனால் அத்திவாரம் முடிந்தவுடன் 3 இலட்சம் மிகையாக அவர் கைக்குப் போய்விடும். கூரை வேலை வரும்போது அவருக்கு நட்டமே மிஞ்சும். அப்போது அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் வீட்டுக்காரர் செய்வதென்ன? ஐப்பசி பிறந்ததும் வாடைக்காற்றோடு மழை தொடங்கிவிடும். கூரையற்ற சுவர் மழையில் நனையும். இந்த இடரைத் தடுப்பதற்காகவே, வேலையை முடித்துத் தருவதற்குப் பிணை கேட்பதும், ஒவ்வொரு கொடுப்பனவிலும் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, குறைகள் திருத்தப்பட்ட பின் விடுவிப்பதும் வழக்கமாயின.

வாவிக்கரையில் கேள்விப் பத்திரம் சொல்ல வேண்டியவை வேறும் சில உள. வாவி மணலிலும் கடல் மணலிலும் உப்பும் சிப்பியும் கலந்திருக்கும். அம்மணலைக் கழுவாது கொங்கிறீற்றில் சேர்த்தால் உப்பு உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு பருத்துக் கொங்கிறீற்றை வெடிக்கச் செய்யும். ஆகவே ஆற்று மணல் என்று எழுதுதல் அவசியம். கம்பியைச் சூழக் கொங்கிறீற்று எத்தனை அங்குலம் என்பதும், 1978 நவம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளி போன்றதைத் தாங்கக் கூரையைச் சுவருடன் எவ்வாறு பிணைப்பது என்பதும் எழுதப்பட வேண்டியவை. இவை எழுதப்படாதவிடத்து, குறைந்த விலை கூறுபவர் இவற்றிலேயே குறைப்பார். கண்ணுக்குத் தெரியும் பூச்சில் அவர் குறைப்பதில்லை.

2004 டிசம்பர் 26ஆந் திகதிக் கடற்கோள், கல்லடி, நாவலடி முதலிய கரையோர ஊர்களை அழித்த பின்னர், இவ்வினா ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வாழ்க்கை வினாவாயிற்று. சிலருக்குக் கொடை நிறுவனங்கள் கொந்தராத்துக்காரரைக் கொண்டு வீடு கட்டிக் கொடுத்தன. சிலருக்குப் பணமே கொடுக்கப்பட்டது. முற்றாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபா, பகுதியாகச் சேதமுற்றதற்கு 100,000 ரூபா, வேலையின் முன்னேற்றத்தைப் பார்த்துக் கட்டங்கட்டமாக வழங்கப்பட்டன. போருக்குப் பின் 2012இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டமும் வடக்கிலும் கிழக்கிலும் வீடொன்றுக்கு 550,000 ரூபாவை இவ்வாறே வழங்கியது. தன் வீட்டைத் தானே கட்டுவிக்கும் உரிமை பெருமைக்குரியது. ஆனால் அந்த உரிமையுடன் கேள்வி கோரல், விலை ஒப்பிடல், வேலை அளத்தல் ஆகிய பொறுப்புகளும் அக்குடும்பத்தின் தலையில் வந்தன. மீனவரும் கைம்பெண்களும் ஒரே நாளில் கட்டட முதலாளிகளாக வேண்டியதாயிற்று. அவர்களிடம் இருந்தது ஒருமுறைக்கே போதுமான பணம். பிழைத்தால் மறுமுறை இல்லை.

சட்டங்கள் இல்லாமலில்லை. கட்டடக் கலைஞர் நிறுவகத்துக்கு 1976இன் சட்டம் உண்டு. கொந்தராத்துக்காரர்களைத் தரப்படுத்திப் பதிவு செய்யும் பணி, 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையிடம் உள்ளது. ஆயினும் சிறு வீடு கட்டுவோர் இவற்றை நாடிச் செல்வது அரிது. "கட்டடக் கலைஞருக்குக் கூலி கொடுக்க எங்களால் இயலுமா?" என்று அவர்கள் கேட்பது நியாயமே. ஒருவருக்கு இயலாதது பத்துப் பேருக்கு இயலும். ஒரே ஊரில், ஒரே ஆண்டில், ஒரேவிதமான வீடுகளைக் கட்டுவோர், கிராம அபிவிருத்திச் சங்கத்தின் மூலம் ஒரு கட்டடக் கலைஞரை அமர்த்தி, ஒரு வரைபடமும் ஓர் அளவைப் பட்டியலும் பொதுவாக ஆக்குவித்துக்கொள்ளலாம். அந்தச் சில தாள்கள் கையிலிருந்தால், எந்தக் கொந்தராத்துக்காரரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கலாம். கேட்ட விடைகளை நேராக ஒப்பிடலாம். நேர்மையான கொந்தராத்துக்காரருக்கும் இது நன்மையே. எல்லாவற்றையும் அடக்கி உண்மை விலை கூறியதற்காக அவர் தோற்க வேண்டியதில்லை.

திருக்குறளிலே 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரத்தை அடுத்தே 'தெரிந்து வினையாடல்' என்னும் அதிகாரம் வைக்கப்பட்டுள்ளது. ஆளை ஆராய்ந்து தெளிந்த பின்னரே வேலையை ஒப்புவித்தல் வேண்டும் என்பது இவ்வைப்பு முறையிலிருந்தே விளங்கும். அதற்கும் முன்னதாக, ஒப்புவிக்கப்போகும் வேலை எது என்பதை நாம் எழுதி வைத்திருத்தல் வேண்டும். அடுத்த தை பிறந்து வெயில் ஏறியதும் அத்திவாரம் வெட்ட எண்ணியிருக்கும் நேயர்கள், இம்மழைக்காலத்திலேயே அந்தத் தாளை எழுதத் தொடங்குவார்களாக.