இன்யோ கவுண்டி

கலிபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்கே இருக்கிறது இன்யோ கவுண்டி. 26,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில், 2020 கணக்கெடுப்பின்படி 19,016 பேரே வாழ்ந்தார்கள். அலாஸ்கா நீங்கலாக அமெரிக்காவின் மிக உயர்ந்த விட்னி சிகரம் (4,421 மீட்டர்) இதன் மேற்கு எல்லையில் நிற்கிறது. வட அமெரிக்காவின் மிகத் தாழ்ந்த நிலம், கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே, கிழக்கில் மரணப் பள்ளத்தாக்கில் கிடக்கிறது. பாலைவனம், அதனால் ஆளில்லை என்று பலர் முடித்துவிடுவார்கள். மரணப் பள்ளத்தாக்குக்கு அது சரி. மக்களில் பெரும்பாலோர் வாழும் ஓவன்ஸ் பள்ளத்தாக்குக்குச் சரியல்ல. அதுவும் மழைமறைவுப் பகுதிதான். ஆனால் சியராவின் பனி உருகி, ஓடை ஓடையாக இறங்கி ஓவன்ஸ் ஆற்றை நிரப்புகிறது. வெள்ளையர் வருவதற்கு முன்பே பையூட் மக்கள் வாய்க்கால் வெட்டிக் காட்டுக் கிழங்குகளுக்குப் பாசனம் செய்தார்கள். இங்கே ஆள் குறைந்ததற்குக் காரணம் வானம் அல்ல, தண்ணீரின் உரிமை கைமாறிய விதம்.

முதல் கைமாற்றம் வன்முறையால் நடந்தது. 1861 முதல் கால்நடைகளோடு வந்தவர்கள் அந்தக் கிழங்கு நிலங்களையே மேய்ச்சலாக்கினார்கள்; சண்டை மூண்டது. 1863இல் ராணுவம் ஏறத்தாழ ஆயிரம் பையூட்களைத் தெற்கே டெஹோன் கோட்டைக்கு நடத்திச் சென்றது. 1866இல் கவுண்டி உருவானது. செர்ரோ கோர்டோ வெள்ளிச் சுரங்கம் சில காலம் செழித்து ஓய்ந்தபின், பள்ளத்தாக்கைத் தாங்கியது பாசன விவசாயமே.

இரண்டாவது கைமாற்றம் பத்திரத்தால் நடந்தது. 1905 வாக்கில் லாஸ் ஏஞ்சலஸின் முன்னாள் மேயர் பிரெட் ஈட்டன் இங்கே நிலங்களை வாங்கத் தொடங்கினார். பலர் அதை மத்திய அரசின் பாசனத் திட்டத்துக்கென்றே நினைத்தார்கள். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது; நிலமும் நீருரிமையும் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குப் போயின. ஓவன்ஸ் ஆற்று நீரை அந்நகரத்துக்குக் கொண்டுசெல்லப் பொறியாளர் வில்லியம் முல்ஹாலண்ட் கட்டிய 375 கிலோமீட்டர் நீர்க்கால்வாய் 1913இல் திறக்கப்பட்டது. 1920களில் ஆறு போய்ச் சேர்ந்த ஓவன்ஸ் ஏரி வற்றியது. 1924இல் விவசாயிகள் கால்வாயை டைனமைட் வைத்துத் தகர்த்தார்கள். மதகைக் கைப்பற்றித் தண்ணீரைத் திருப்பினார்கள். 1927இல் எதிர்ப்புக்குத் தலைமை தாங்கிய வாட்டர்சன் சகோதரர்களின் வங்கிகள் முறிந்தன, அவர்கள் கையாடலுக்காகச் சிறை சென்றார்கள். ஊர்ச் சேமிப்பும் அதோடு போயிற்று.

விலை கொடுத்துத்தானே வாங்கினார்கள் என்பது நியாயமான கேள்வி. ஆனால் ஒரே வாய்க்காலில் பாதிப் பேர் விற்றுவிட்டால், மிஞ்சியவர் அதைப் பராமரிக்க முடியாமல் தாமும் விற்க வேண்டியதுதான். அதை விருப்ப விற்பனை என்பது கடினம். குடியேறியவர்களே பையூட்களிடம் பறித்தவர்கள்தானே என்றால், ஆம். இது வானத்தின் வேலையல்ல என்பதற்கு அதுவே முதல் சான்று. நகரம் வாங்கியிராவிட்டால் பள்ளத்தாக்கு முழுக்க வீட்டுமனைகளாகியிருக்கும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. இன்றைய திறந்தவெளி பெரிதும் அதன் பயனே. ஆனால் அதே கைதான் ஏரிப்படுகையை நாட்டின் மிகப்பெரிய தூசி மூலங்களில் ஒன்றாக்கியது.

1942இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்கள் அடைக்கப்பட்ட மன்சனார் முகாமும் நகரத்தின் நிலத்தில்தான் எழுந்தது. முன்பு அது பழத்தோட்ட ஊர். 1970இல் இரண்டாம் கால்வாய் வந்தபின், நிலத்தடி நீர் எடுப்பை எதிர்த்துக் கவுண்டி நகரத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 1991இல் அதில் உடன்பாடு ஏற்பட்டது. 2006இல் கீழ் ஓவன்ஸ் ஆற்றில் ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு மீண்டும் தண்ணீர் விடப்பட்டது. ஆற்றின் கடைசியில் ஒரு பம்பு நிலையம் அதில் ஒரு பகுதியை மறுபடி நகரத்தின் கால்வாய்க்கே ஏற்றுகிறது.