வீட்டில் மாதிரி சேகரிப்பு (மருந்து ஆய்வுகளில்)

புதிய மருந்துகளை மனிதர்களிடம் சோதிக்கும் ஆய்வுகளில், பங்கேற்பாளர் மருத்துவமனைக்கு வராமல் வீட்டிலிருந்தே இரத்தம், சிறுநீர், உமிழ்நீர் முதலிய மாதிரிகளைக் கொடுக்கும் முறை. 2020இல் கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் இது வேகமாகப் பரவியது.

இதில் பெரிய சிக்கல் நேரமும் வெப்பமும்தான். அணுக்களைப் பிரித்தெடுக்காத இரத்தத்தில் அவை குளுக்கோஸைத் தொடர்ந்து பயன்படுத்துவதால், அறை வெப்பத்தில் அதன் அளவு மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் குறைகிறது. விரல் நுனியைக் குத்தியபின் அழுத்திப் பிழிந்தால் சிவப்பணுக்கள் உடைந்து, பொட்டாசியம் உண்மையான அளவைவிட உயர்ந்து காட்டும்; திசுநீரும் கலந்துவிடும். இப்படிப் பிழையாக வந்த எண்ணை நம்பி மருந்தளவை மாற்றினால் துன்பப்படுபவர் நோயாளியே.

1960களில் ராபர்ட் கத்ரி பச்சிளங்குழந்தைகளின் பரிசோதனைக்குக் கொண்டுவந்த, இரத்தத்துளியை வடிதாளில் உலர்த்தும் முறை இங்கும் உதவுகிறது. உலர்ந்த இரத்தப்புள்ளியைத் தபாலிலேயே அனுப்பலாம். ஆனால் சிவப்பணு விகிதம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் புள்ளி பரவும் விதமும், அதனால் முடிவும் மாறக்கூடும்.

கை நடுங்கும் முதியவர்களுக்கும் பார்வை மங்கியவர்களுக்கும் பயிற்சி பெற்ற செவிலியரை வீட்டுக்கு அனுப்புவதே முறை; செலவைக் காட்டி அதைத் தவிர்ப்பது நியாயமன்று. யார் எடுத்தாலும், இரத்தத்தில் மருந்தளவு ஏறி இறங்குவதைக் கணிக்கும் ஆய்வில், மாதிரி எடுத்த நேரம் குறிக்கப்படாவிட்டால் அந்த மாதிரி பயன்படாது.