கர்ப்பிணிக்கு யோகா: பெங்களூர் போட்ட கணக்கு

"மாசமா இருக்கறவ யோகா கிளாஸ் போறாளாம், நீயாவது சொல்லேன்டா" என்று அம்மா போனில் புலம்பினாள். தங்கை இருப்பது பெங்களூரில். இந்தக் கேள்விக்கு ஏற்கனவே கணக்குப் போட்ட ஊர் அது.

டாக்டர் நாகரத்னா, நாகேந்திராவின் யோகா ஆய்வு மையமும் (இன்றைய எஸ்-வியாசா பல்கலைக்கழகம்) குணஷீலா மருத்துவமனையும் சேர்ந்து 335 கர்ப்பிணிகளிடம் செய்த ஆய்வு 2005-ல் வெளிவந்தது. 18-20 வாரத்திலிருந்து பிரசவம் வரை, 169 பேருக்கு தினம் ஒரு மணி நேர யோகா. 166 பேருக்கு இரு வேளை அரை மணி நடை. யோகா பக்கம் குறைப்பிரசவம் குறைவு, இரண்டரை கிலோவைத் தொட்ட குழந்தைகள் அதிகம்.

பேங்க்காரன் புத்தி, சந்தேகம் வந்தது. அது குலுக்கல் முறையில் பிரித்த குழு இல்லையே! ஆனால் 2012-ல் வெளியான இன்னொரு பெங்களூர் ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள 68 பேரைக் குலுக்கல் முறையிலேயே பிரித்தார்கள். அதிலும் யோகா குழுவில் ரத்த அழுத்தச் சிக்கல் குறைவு.

இரண்டிலும் ஆஸ்பத்திரி கூடவே இருந்தது. மூலைக்கு மூலை நடக்கும் கிளாஸில் யார் இருக்கிறார்கள்? மாதம் ஏற ஏற மல்லாந்து வெகுநேரம் படுத்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். சவாசனத்தைக்கூட ஒருக்களித்துத்தான் செய்ய வேண்டும். தங்கையை இதைக் கேட்கச் சொன்னேன். டீச்சர் முழித்தாராம். இப்போது வேறு கிளாஸ் தேடுகிறாள்.