பேரும் ஊரும்: பிரப் ரோட்டின் பூர்வீகம்

பெருந்துறையிலிருந்து வருகிற சாலைக்கு ஈரோட்டுக்காரர்கள் பெருந்துறை ரோடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கலெக்டர் ஆபீஸ் அதில்தான் இருக்கிறது. அதே சாலையைப் பெருந்துறையில் நின்று கேட்டால் ஈரோடு ரோடு என்பார்கள். எந்த ஊர்ப் பெயருக்கும் சொந்த ஊருக்குள் பெரிய வேலை கிடையாது. எல்லையைத் தாண்டினால்தான் மதிப்பு. மனிதர்களுக்கும் இதே கணக்குதான்.

ஈரோட்டின் பழைய கடைவீதிகளில் ஒன்று பிரப் ரோடு. பன்னீர்செல்வம் பார்க் பக்கம், பிரப் நினைவாலயம் என்ற சி.எஸ்.ஐ. தேவாலயம் நிற்கும் சாலை. அதிகாரபூர்வமாக மீனாட்சி சுந்தரனார் சாலை என்று மாற்றியாயிற்று. ஆனால் ஆட்டோவில் ஏறிப் பழைய பெயரைச் சொன்னால்தான் வண்டி உடனே கிளம்பும். பிரப் என்றால் என்ன என்று கேட்டால் வெள்ளைக்காரப் பாதிரியார் பெயர் என்பார்கள். அது சரிதான். லண்டன் மிஷன் சார்பில் ஈரோட்டில் பணியாற்றிய ஆஸ்திரேலியர் அந்தோணி வாட்சன் பிரஃப். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற சமயத்தில் இங்கே வந்தவர். லண்டன் மிஷன் 1830-லேயே கோயமுத்தூரில் கால்வைத்து, அங்கிருந்து ஈரோடு வரை பரவியிருந்தது. குறளை ஆங்கிலத்தில் தந்தவரும் இந்திய இசை பற்றி 1921-ல் நூல் எழுதியவருமான பாப்லியும் இதே மிஷனில் ஈரோட்டில் இருந்தவர்தான்.

ஆனால் பிரஃப் என்பது முதலில் ஒரு ஆளின் பெயரே அல்ல. அது ஒரு ஊர். சரியாகச் சொன்னால் பல ஊர்கள். இங்கிலாந்தின் வடக்கில் கம்பிரியாவில் ஒரு பிரஃப், யார்க்‌ஷயரின் கிழக்கே ஹம்பர் கரையில் ஒன்று, டார்பிஷயரில் ஒன்று, நாட்டிங்ஹாம்ஷயரில் ஒன்று. ரோமானியர்கள் கட்டிவிட்டுப் போன கோட்டைகள் இடிந்து கிடந்த இடங்களை, பின்னால் குடியேறிய ஆங்கிலேயர்கள் கோட்டை என்ற பொருளில் இப்படி அழைத்தார்கள். நாலு ஊரிலும் மண்ணுக்கடியில் ரோமானியர் தடயம் கிடைத்திருக்கிறது. கம்பிரியா பிரஃப்பில் அந்தப் பழைய கோட்டைத் திட்டின்மேலேயே நார்மன் அரசன் இரண்டாம் வில்லியம் 1090-களில் புதுக் கோட்டை எழுப்பினான். அதுவும் இன்று இடிபாடுதான்.

ஒரே பெயரில் பல ஊர் இருப்பதன் தொல்லை நமக்குப் பழக்கமானதே. மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் போய் ஆட்கொள்ளப்பட்ட திருப்பெருந்துறை இந்தப் பெருந்துறை அல்ல. அது புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில். ஆங்கிலேயரிடமும் ஒரு பெருந்துறை உண்டு. அகன்ற துறை என்று பொருள்படும் பிராட்ஃபோர்டு. அதுவும் ஊராக இருந்து குடும்பப் பெயராகிவிட்ட ஒன்று.

ஊர் எப்படி ஆளின் பெயராயிற்று? 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிக்கும் முன்பு அங்கே பெரும்பாலும் ஒருவருக்கு ஒரு பெயர்தான். நிலம் பிடித்த பிரபுக்கள் முதலில் தங்கள் பண்ணையின் பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். பண்ணை மாறினால் பெயரும் மாறியது. இதற்கு நல்ல சாட்சி ஒன்று உண்டு. டர்ஹாம் பிஷப்பின் நிலக்கணக்கு 1183-ல் எழுதப்பட்டது. ஹார்ட்பர்ன் வில்லியம் என்பவர் ஹார்ட்பர்ன் கிராமத்தைக் கொடுத்துவிட்டு வாஷிங்டன் என்ற கிராமத்தை மாற்றாகப் பெற்றிருக்கிறார் என்கிறது அது. அதன்பிறகு அவர் குடும்பம் வாஷிங்டன் குடும்பம். அந்தக் கைமாற்றம் நடக்காமல் இருந்தால் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் ஹார்ட்பர்ன். தலைநகரமும் ஹார்ட்பர்ன்தான்!

சாதாரண ஜனங்கள் கதை வேறு. பிரஃப்பிலேயே உழுதுகொண்டிருந்தவனை யாரும் பிரஃப்காரன் என்று கூப்பிடப்போவதில்லை, அங்கே எல்லோரும் பிரஃப்காரர்கள்தான். பிழைப்புக்காக வேறு ஊர் போனவனைத்தான் அந்த ஊர் அப்படிக் கூப்பிட்டது. 1377-லிருந்து 1381-க்குள் மூன்று முறை தலைவரி போட்டார்கள். வரி வசூலிப்பவனுக்கு ஒரே தெருவில் பத்து ஜான் இருந்தால் எப்படிக் கணக்கு வைப்பது? 1538-ல் ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், மணம், அடக்கம் ஆகியவற்றுக்குப் பதிவேடு வைக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. பதிவேட்டில் ஏறிய பெயர் இறங்கவே இல்லை. அப்பனுக்குப் பொருந்திய ஊர் பேரனுக்கும், பேரனுடைய பேரனுக்கும் தொடர்ந்து வந்தது, அவர்கள் அந்த ஊரைக் கண்ணால் பார்க்காவிட்டாலும்.

கோயமுத்தூரின் ஸ்டேன்ஸ் பெயரும் இந்த வகையில் சேர்க்கத்தக்கதே. ராபர்ட் ஸ்டேன்ஸ் 1862-ல் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1888-ல் கோவையின் முதல் பஞ்சாலை வந்தது, ஜனங்கள் வாயில் அது ஸ்டேன்ஸ் மில். தேம்ஸ் ஆற்றங்கரையில் அதே உச்சரிப்பில் ஒரு ஊர் உண்டு; எழுத்தில் மட்டும் ஓர் எழுத்துக் கூடுதல்.

நம் பக்கத்துக்கு வருவோம். பெருந்துறை வட்டத்தில் இருக்கிறது சென்னிமலை. அங்கே 1904-ல் பிறந்த குமாரசாமி, பிழைப்புக்காகத் திருப்பூர் போனார். 1932 ஜனவரி 10-ல் கொடியேந்திய ஊர்வலத்தில் போலீஸ் தடியடி பட்டு மறுநாள் இறந்தார். நாடு அவரைத் திருப்பூர் குமரன் என்றது. சென்னிமலை, வில்லியம் விட்டுவந்த ஹார்ட்பர்ன் ஆகிவிட்டது. சென்னிமலைக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இந்தக் குறை இன்னும் கேட்கும். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

ஈ.வெ.ரா.வில் ஈ என்பது ஈரோடு. நகராட்சித் தலைவராக ஈரோட்டுக்குள் இருந்த மனிதரை ஊர்க்காரர்கள் ஈரோட்டுக்காரர் என்று சொல்லத் தேவையில்லை. சென்னையும் காஞ்சிபுரமும் வைக்கமும்தான் சொல்லவேண்டியிருந்தது. ம.ப. பெரியசாமித்தூரன் பெயரோ ஒரு முழு விலாசம். ம மஞ்சக்காட்டுவலசு, மொடக்குறிச்சி பக்கத்துச் சிற்றூர். ப தந்தை பழனிவேலப்பர். தூரன் என்பது குலத்தின் பெயர். பத்துத் தொகுதி கலைக்களஞ்சியத்துக்கு ஆசிரியராக இருந்தவர், தன் பெயரையும் ஒரு பதிவுக் குறிப்பு மாதிரியே வைத்துக்கொண்டார்.

இன்னும் பின்னால் போனால், பெருங்கதை பாடிய கொங்குவேளிர். பெருந்துறைக்கு மேற்கே விஜயமங்கலத்துக்காரர் என்பது மரபு. வீட்டில் வைத்த பெயர் மறைந்து, நாட்டின் பெயர் மட்டும் நின்றுவிட்டது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லாரையும் நிரம்பை ஊர்த் தலைவர் என்றே பாயிரம் அறிமுகம் செய்கிறது. நிரம்பை கொங்கு நாட்டு ஊர்.

ஆக, ஊரைப் பெயரில் ஏற்றும் வழக்கம் இரண்டு நாட்டிலும் உண்டு. அங்கே அது இறுகியது, இங்கே இறுகவில்லை. நம்மிடம் மகனுக்கு ஊர் மாறினால் எழுத்தும் மாறும். இப்போது பலர் ஊரையே எடுத்துவிட்டார்கள். தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்றோடு சரி. பெருந்துறைப் பிள்ளைகளில் பெயருக்கு முன் பெ போட்டிருப்பவருக்கு அப்பா பெயர் பெருமாளாகவோ பெரியசாமியாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம், பெருந்துறை அல்ல.

இந்தப் பிள்ளைகள் பாஸ்போர்ட் விண்ணப்பிக்கும்போது குடும்பப் பெயர் என்ற கட்டம் குறுக்கே வருகிறது. கட்டத்தைக் காலியாக விட்டு ஒரே பெயரோடு அமெரிக்கா போனவர்களுக்கு, முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கமாக எஃப்.என்.யு. என்று விசாவில் அடித்துக் கொடுக்கிறார்கள். அந்த மூன்றெழுத்து பிறகு பேங்க், சம்பளச் சீட்டு என்று கூடவே வரும். அதற்குப் பயந்தே பலர் அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் எழுதிவிடுகிறார்கள். அங்கே பிறக்கும் குழந்தைக்கும் அதுவே போகிறது. பழனிச்சாமியும் சுப்பிரமணியமும் இரண்டு தலைமுறையில் குடும்பப் பெயர்கள். பாதிரியார் பிரஃப்பின் பெயர் நடுவிலிருந்த வாட்சன் இப்படி வந்ததுதான். வால்டரின் செல்லப்பெயர் வாட், அவன் மகன் வாட்சன். நம்மவர்கள் வெளிநாட்டில் பிரஃப் வழியில் போகவில்லை, வாட்சன் வழியில் போகிறார்கள்.