கீசரின் கம்பியும் கசிவும்

1868இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் உருவாக்கிய கீசர் எரிவாயுவில் இயங்கியது. மின்சாரத்துக்கு மாற, சிவக்கச் சுட்டாலும் எளிதில் அரிபடாத கம்பி வேண்டியிருந்தது. அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் 1906இல் காப்புரிமை பெற்ற நிக்கல்-குரோமியக் கலவை அந்தக் குறையைத் தீர்த்தது.

இன்றைய கீசரின் எலிமென்ட் என்பது உலோகக் குழாய்க்குள் அந்தக் கம்பிச் சுருளை வைத்து, சுற்றிலும் மெக்னீசியம் ஆக்சைடு தூளை இறுக்கியது. கடின நீரில் அதன்மேல் சுண்ணாம்பு படியும். சூடு வெளியேறாமல் குழாய் விரிசல் விடும், தூளில் ஈரம் ஏறும், மின்சாரம் தண்ணீரில் கசியும். தண்ணீர்க் குழாயைத் தொட்டால் ஷாக் அடிப்பது பெரும்பாலும் இப்படித்தான். இத்தனை சிறிய கசிவுக்குப் பழைய பியூஸ் உருகாது. எர்த் இல்லாத வீட்டில் உயிரே போகலாம். 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற கருவி வந்த பிறகே குளியலறைக்கு உண்மையான பாதுகாப்பு கிடைத்தது. கீசரைப் போடும்போது அது அடிக்கடி விழுந்தால், முதலில் சோதிக்க வேண்டியது எலிமென்டைத்தான்.